நான்கு வருடம் பழகிய பிரெட்போர்டும் மல்டிமீட்டரும்

நான்கு வருடத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சால்டர் செய்யாமல் துளைகளில் செருகியே சர்க்யூட் கட்டும் பிரெட்போர்டு ஒன்று, பல மதிப்பு கலந்த ரெசிஸ்டர் பாக்கெட், எல்இடி, சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் பிசி 547 டிரான்சிஸ்டர், எல்இடியை மினுக்கவைக்கும் 555 டைமர் ஐசி, வோல்ட்டும் ஓமும் அளக்கும் சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர் எல்லாம் மகளுக்கும் எனக்குமாக வாங்கினேன். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவையாவது கையில் எடுத்துவிடுகிறோம். சர்க்யூட் ஓடாவிட்டால் முதலில் ஐசி மேல் சந்தேகப்படாதீர்கள், லூஸ் கனெக்‌ஷனைத் தேடுங்கள்.

எங்களுக்கு அது புரிய ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. போர்டின் இடது ஓரத்தில் பேட்டரி, வலது ஓரத்தில் 555, எல்இடி மினுக்கவே இல்லை. இரண்டு ஐசி மாற்றியாயிற்று. அப்புறம் மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, முனை துளைக்குள் நுழையாததால் ஒயர் துண்டு செருகி, பிளஸ் வரிசையை ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் சரியாக நடுவில் சத்தம் நின்றுவிட்டது. சில போர்டுகளில் ஓரத்து வரிசை பாதியில் துண்டாகித்தான் இருக்கும், சிவப்புக் கோடும் அங்கே விட்டுப்போயிருக்கும், நாங்கள்தான் கவனிக்கவில்லை. அன்று போட்ட ஜம்பர் ஒயர் இன்னும் அங்கேயே இருக்கிறது. இன்னொன்று, 4007 டயோடின் தடித்த காலை அழுத்திச் செருகிய துளைகளெல்லாம் தளர்ந்துவிட்டன, அங்கே இப்போது ரெசிஸ்டர் ஆடுகிறது.

எல்இடிக்குக் கணக்கு எளிதுதான். 9 வோல்ட்டில் சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 7, அதற்கு 470 ஓம் போட்டால் 15 மில்லி ஆம்பியர். 470 ஓமை ரெசிஸ்டர் மேல் உள்ள வளையங்களில் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று நிறம் படிக்கலாம், ஆனால் ஐந்து வளையம் போட்ட நீல ரெசிஸ்டரில் பழுப்பும் சிவப்பும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரிவதால் நான் மீட்டரில் அளந்த பிறகே செருகுவேன்.

மீட்டரும் ஒரு தடவை குழப்பியது. புதுப் பேட்டரிக்கு 11 வோல்ட் காட்டியது. உள்ளே இருக்கும் அதன் சொந்த பேட்டரி இறங்கினால் இந்த வகை மீட்டர் கூடுதலாகக் காட்டும், திரை மூலையில் பேட்டரி படமும் வந்திருந்தது. மாற்றியதும் 9.4. மீட்டரின் கறுப்பு ஒயர் காம் (பொது) துளையில், சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியை அளக்கவே கூடாது, அது நேரடி ஷார்ட்.

555-ஐ 1971-இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்தார், இன்றைக்கும் ஆரம்பிப்பவர்களுக்கு அதைவிட நல்ல ஐசி எனக்குத் தெரியவில்லை. 1 கே, 68 கே ரெசிஸ்டர் (கே என்றால் ஆயிரம் ஓம்), 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போதும், நொடிக்கு ஒரு தடவை மினுக்கும். சதுர 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது, அதனால் பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டுக்கு மாறிவிட்டோம், 555 அதிலும் ஓடுகிறது.

இருட்டினால் எரியும் விளக்குதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. பிளஸ்ஸிலிருந்து 547-இன் பேஸ் என்கிற கட்டுப்படுத்தும் காலுக்கு 100 கே, பேஸிலிருந்து மைனஸுக்கு எல்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் ரெசிஸ்டர். இருட்டில் எல்டிஆரின் தடை ஏறி, பேஸில் 0.6 வோல்ட் தாண்டியதும் 547 எல்இடியை எரியவைக்கும். முதலில் எல்இடி வெளிச்சமே எல்டிஆர் மேல் விழுந்து மங்கலாகவே எரிந்தது, எல்டிஆரை மறுபக்கம் திருப்பியதும் சரியாகிவிட்டது. அதை மட்டும் துளை போட்ட டாட் போர்டில் நிரந்தரமாகச் சால்டர் செய்து மாடிப்படியில் மாட்டியிருக்கிறோம், இரண்டு வருடமாக எரிகிறது.