வாய் திறக்காத பூட்டு: மூன்று வருட அனுபவம்

கல்முனைத் தம்பி ஒருவன் போன கிழமை கேட்டான்: "அண்ணே, நீங்க வைச்சிருக்கிற எஃப்பிஜிஏ போர்டு விலை இறங்கியிருக்கு, எடுக்கட்டா?" எஃப்பிஜிஏ என்றால் உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப். போர்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, வேலை செய்கிறது. எனக்குக் கோபம் அதன் ஓரத்தில் எட்டுக் கால்களோடு குந்தியிருக்கும் 8 மெகாபைட் ஃபிளாஷின் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகச் சிப்) எழுத்துப் பூட்டோடுதான், அதாவது எழுதவோ அழிக்கவோ விடாத காப்போடுதான்.

சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லின் பழைய கலர் சோட்டரில் (நிறம் பார்த்துக் கெட்ட அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின்), காற்று வால்வுகளை இயக்க இந்த ஐஸ்40 எஃப்பிஜிஏ போர்டைப் போட்டு மூன்று வருடம். கரண்ட் வந்ததும் எஃப்பிஜிஏ தன் அமைப்பை ஃபிளாஷில் இருந்துதான் வாசிக்கும். அது பழுதானால் சிப் வெறும் கல்லு. ஆகவே ஃபிளாஷின் அடியில் ஒரு மூலப் படிமம் (அமைப்புக் கோப்பு), மேலே மாற்றிக்கொள்ளும் படிமம். மூலம் முதலில் எழும்பி, மேலே இருப்பதன் செக்சம்மை (கோப்பு பழுதா என்று காட்டும் எண்) பார்த்து, சரியென்றால் அதற்குத் தாவும். அடிப்பகுதிக்கு மட்டும் பூட்டு.

பூட்டுவதே ஒரு வில்லங்கம். ஃபிளாஷின் நிலையை வைத்திருக்கும் சிறு நினைவிடமான ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில், எவ்வளவு பூட்ட வேண்டும் என்று பிபி பிட்டுகள் சொல்லும், எந்தப் பக்கம் என்று டிபி பிட் சொல்லும். டிபியை மறந்தால் பூட்டு மேல்முனையில் போய் விழும். நான் மறந்தேன். அதைத் திருத்தினால், பூட்டக்கூடிய முதல் அளவு 128 கிலோபைட், அதாவது 131072 பைட். என் மூலப் படிமமோ 135100. வால் 4028 பைட் வெளியே! அடுத்த அளவு 256 கிலோபைட். சரி, அதையே போட்டேன்.

அதன் அருமை பெரும்போக அறுவடை நேரத்தில்தான் தெரிந்தது. முற்றம் நிறைய நெல் மூட்டை, "கறுத்த அரிசி மறுகா வருகுது தம்பி" என்று மில் ஹாஜியார் தலைமாட்டில் நிற்கிறார். அவசரத்தில் புதிய படிமத்தை, மூலம் இருக்கும் முகவரி பூச்சியத்துக்கே அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பு பிழை காட்டிய பிறகுதான் முகவரியைப் பார்த்தேன், வயிறு கலங்கியது. மெஷினை நிறுத்திப் போட்டால் எப்போதும்போல எழும்பியது. பூட்டு இல்லையென்றால் அன்றைக்கு மில் படுத்திருக்கும். பிறகு சரியான முகவரிக்கு அனுப்ப இரண்டு நிமிடமே போதுமாக இருந்தது.

அதே பூட்டு போன மாதம் என்னை அழ வைத்தது. மூலப் படிமத்திலேயே ஒரு பிழை, திருத்த வேண்டும். அனுப்பினேன். அழிப்புக் கட்டளையை வாங்கிக்கொள்கிறது, வேலை முடிந்ததுபோல் காட்டுகிறது, ஒரு பைட்டும் மாறவில்லை. சில சிப்களில் கட்டளை பலிக்கவில்லை என்று சொல்லும் பிழை பிட் இருக்கிறது, இதில் கிடையாது. பூட்டைப் போட்டதே மறந்துபோச்சு. சிப் செத்தது என்று முடிவு கட்டி, ஹாட் ஏரில் கழற்றிப் புதிது வைத்தேன், ஓடியது. கழற்றியதைத் தகரப் பெட்டியில் எறிந்தேன். பிறகு ஒரு நாள் சும்மா அதன் ஸ்டேட்டஸை வாசித்துப் பார்த்தால் பிபி பிட்டுகள் பல்லிளிக்கின்றன! பூட்டை எடுக்க, படிமத்தை அனுப்பும் ஐஸ்புரோக் கருவியில் ஒரு சுவிட்சே இருக்கிறது. இரண்டு இரவு வீண். இப்படி இரண்டு இரவும் ஒரு சிப்பும் போக்கிய பிறகும் அதைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சொன்னதைத்தான் செய்தது, பேசாமல் செய்தது.

இன்னொரு குறை, போர்டு செய்தவர்களுடையது. ஃபிளாஷின் டபிள்யூபி காலை (எழுத்துக் காப்புக்கான கால்) 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதனால் தறிகெட்ட எந்தப் புரோகிராமும் பூட்டைக் கழற்றலாம். நான் சுரண்டி, அந்தக் காலைத் தரைக்கு இழுக்க ஒரு ஜம்பர் வைத்து, ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையே காக்கும் எஸ்ஆர்பி பிட்டையும் போட்டேன். இப்போது ஜம்பரைக் கழற்றாமல் ரெஜிஸ்டரையே மாற்ற முடியாது. கழற்றவென்றால் நாலு ஸ்குரூ, உமித் தூசு, தும்மல்.

தம்பிக்கு எடுக்காதே என்றுதான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கோபம். நேற்று எனக்கென்று இரண்டு ஓடர் பண்ணிவிட்டேன். மில் போர்டின் மூடியில் மார்க்கரால் "பூட்டு உண்டு" என்று பெரிதாக எழுதியும் விட்டேன். ஹாஜியார் அதை வாசித்துவிட்டு, "சாவி ஆரிட்ட தம்பி?" என்றார்.