நான்கு விண்கலங்கள்: உள்ளே இருப்பவர்களுக்கு எது வசதி?

கற்பனை விண்கலங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே வேகம், ஆயுதம், கவசம் என்றுதான் ஓடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது உள்ளே இருக்கிறவர்களின் பாடு. படுக்கையிலிருந்து எஞ்சினுக்கு எவ்வளவு சீக்கிரம் ஓட முடியும், சரக்கை எந்த வாசலில் ஏற்றுவது, அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு எத்தனை திருப்பம் திரும்ப வேண்டும், காற்று கசிந்தால் எந்தக் கதவைச் சாத்துவது. இதையெல்லாம் வைத்து, பலருக்கும் தெரிந்த நான்கு கலங்களைப் பார்ப்போம்.

'ஸ்டார் வார்ஸ்' படங்களின் மில்லேனியம் ஃபால்கனை முதலில் முடித்துவிடுகிறேன். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் இந்தப் பரீட்சையில் தேறாது. பெயருக்கு அது சரக்குக் கப்பல். 1977 படத்திலிருந்து நாம் பார்க்கிற வாசலோ அடிவயிற்றிலிருந்து இறங்கும் ஒரு சரிவுப் பலகை, ஆள் ஏறி இறங்க மட்டுமே தோதானது. பெரிய பெட்டி ஒன்றை அதில் ஏற்றிவிட்டாலும், உள்ளே அந்த வளைந்த நடைபாதையில் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காக்பிட் வலது ஓரத்தில் துருத்திக்கொண்டு இருப்பதால் இடது பக்கம் பார்த்தால் கலத்தின் உடம்புதான் தெரியும். நல்லது என்று சொல்ல இரண்டு விஷயம் உண்டு: மேல் பீரங்கிக்கும் கீழ் பீரங்கிக்கும் ஒரே ஏணி, அப்புறம் நடைபாதைத் தரைக்கு அடியிலேயே கடத்தல் அறைகள். ஆள் நடக்கிற இடத்துக்கு அடியில் கிடக்கும் வெற்றிடத்தை அப்படிப் பயன்படுத்தியது கெட்டிக்காரத்தனம். இன்னொரு பழைய சண்டையும் இருக்கிறது: வெளித்தோற்றத்தையும் உட்புற செட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்து பார்த்தால் பொருந்தாது. ரசிகர்கள் இன்றுவரை வரைபடம் போட்டு மல்லுக்கட்டுவது அதனால்தான்.

ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸ்-டி அதற்கு நேர் எதிர். இங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 42 தளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள், அகலமான நடைபாதைகள். சாதாரண நாளில் இதைவிட சொகுசான கலம் கிடையாது. ஆனால் எல்லாமே டர்போலிஃப்டை, அதாவது ஆட்களைத் தளத்துக்குத் தளம் கொண்டுபோகிற லிஃப்டை, நம்பி இருக்கிறது. அது நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தொடரிலேயே பதில் இருக்கிறது, 1991-இல் வந்த 'டிசாஸ்டர்' என்ற பகுதியில். கலத்தில் மின்சாரம் போகிறது, கேப்டன் பிக்கார்ட் மூன்று குழந்தைகளோடு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார், கலத்தை இயக்கும் தலைமை அறையான பிரிட்ஜில் மனநல ஆலோசகர் தலைமை ஏற்க வேண்டிய நிலை, டென் ஃபார்வர்ட் என்ற பொழுதுபோக்குக் கூடத்தில் மருத்துவர் இல்லாமல் ஒரு பிரசவம் நடக்கிறது. அதிகாரிகள் ரைக்கரும் டேட்டாவும், பராமரிப்புக்கான குறுகிய ஜெஃப்ரீஸ் குழாய்களுக்குள் தவழ்ந்து தவழ்ந்துதான் எஞ்சின் அறைக்குப் போக வேண்டியிருக்கிறது. பார்க்க அருமையான கதை. எனக்கு ஆற்றாமையும் வந்தது: இவ்வளவு பெரிய கலத்தில் தளத்துக்குத் தளம் அகலமான ஒரு படிக்கட்டு வைத்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது! பிரிட்ஜைக் கொண்டுபோய்க் கலத்தின் வட்டத் தட்டு போன்ற முன்பகுதியின் உச்சியில் வைத்ததும் எனக்குச் சம்மதமில்லை. தலைமை இருக்கிற இடம் உடம்பின் நடுவில், சுற்றிலும் பாதுகாப்போடு இருக்க வேண்டும்.

இப்போது 'த எக்ஸ்பான்ஸ்' தொடரின் ரோசினான்டே. யோசித்து வரைந்தவர்களின் வேலை என்று பார்த்த உடனே தெரியும். தளங்கள் எல்லாம் கோபுரத்தின் மாடிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று, எஞ்சின் அடியில். எஞ்சின் எரியும்போது கலம் முன்னால் தள்ளப்படுவதால் எஞ்சின் பக்கமே 'கீழே' ஆகிறது, எனவே செயற்கை ஈர்ப்பு என்று எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. மேலே காக்பிட்டும் ஆப்ஸ் என்ற கட்டுப்பாட்டுத் தளமும், நடுவில் ஆட்கள் சாப்பிட, தூங்க, சிகிச்சை பெற இடம், அடியில் பட்டறையும் எஞ்சினும். எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போகிறது ஒரே ஏணித்தண்டு. எஞ்சினை அணைத்தால் அதே தண்டில் கையால் ஒரு உந்து உந்தி மிதந்து போகலாம். சண்டைக்கு முன்னால் எல்லோரும் விண்வெளி உடை மாட்டிக்கொண்டு கலத்துக்குள் இருக்கிற காற்றையே வெளியேற்றிவிடுவார்கள், குண்டு துளைத்தாலும் வெளியே பீய்ச்சிக்கொண்டு போகக் காற்று இருக்காது. இந்த அளவுக்கு யோசித்த தொடர் வேறு எனக்குத் தெரியாது.

அதன் குறையும் அந்த ஒரே தண்டுதான். ஐந்து ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பைப் போல ஐந்து மடங்கு, வேகமுடுக்கத்தில் 70 கிலோ ஆள் 350 கிலோ கனப்பார். அப்போது அடித்தளத்தில் ஒருவர் அடிபட்டால் அவரை மேலே ஏற்ற யாராலும் முடியாது, எஞ்சினைக் குறைக்கிற வரைக்கும் அவர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். கை தவறிய ஒரு ஸ்பேனர், கதவுகள் திறந்திருந்தால், கீழே எஞ்சின் வரை போய் விழும். தளத்துக்குத் தளம் கதவைச் சாத்திவைக்கிற பழக்கம் அங்கே கட்டாயம். கதவு இருந்தால் மட்டும் போதாது, அது தடையில்லாமல் மூட வேண்டும் என்பதற்கு நிஜ உதாரணமே உண்டு. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் சரக்குக் கலம் மோதிக் காற்று கசிந்தபோது, கதவை உடனே மூட முடியவில்லை, ஏனென்றால் வாசல் வழியாக கேபிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை வெட்டியும் கழற்றியும் விட்ட பிறகுதான் வாசலை அடைக்க முடிந்தது. சினிமாக் கலங்களில் வாசல் வழியே கேபிள் தொங்குவதைப் பார்த்தால் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

கடைசியாக 'ஃபயர்ஃப்ளை' தொடரின் செரினிட்டி. என் ஓட்டு இதற்குத்தான், அறிவியலில் ரோசினான்டே எவ்வளவோ மேலே என்று தெரிந்தும். காரணம், இதன் உட்புறம் துண்டு துண்டாக இல்லை. ஒவ்வொரு தளத்தையும் தொடர்ச்சியான செட்டாகக் கட்டினார்கள், நடிகர்கள் அறையிலிருந்து அறைக்கு நிஜமாகவே நடந்து போக முடிந்தது. 2005 படத்தின் ஆரம்பத்தில் கேமரா வெட்டே இல்லாத மாதிரி கலம் முழுக்கச் சுற்றி வருவதைப் பாருங்கள், அதன் பிறகு எந்தக் கதவு எங்கே என்று நமக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

அடித்தளத்தில் முன்னால் சரக்கறை, நேராக உள்ளே ஏற்றிவிடக்கூடிய அகலமான சரிவுக் கதவு. அதற்குப் பின்னாலேயே மருத்துவ அறை. ஆபத்து அதிகம் நடக்கிற இடத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவில் சில எட்டுதான். மேல்தளத்தில் முன்னால் பிரிட்ஜ், நடுவில் சாப்பாட்டறை, கடைசியில் எஞ்சின். 'அவுட் ஆஃப் காஸ்' பகுதியில் இந்த அமைப்பு முழுக்கச் சோதிக்கப்படுகிறது. எஞ்சின் அறையில் வெடித்துப் பரவிய நெருப்பை, சரக்கறையின் வெளிக்கதவைத் திறந்து விண்வெளிக்குத் துரத்துகிறார்கள். அப்புறம் கலத்தில் தனியாக இருக்கும் கேப்டன் மால், வயிற்றில் குண்டோடு சரக்கறையிலிருந்து மருத்துவ அறைக்குத் தள்ளாடிப் போய் ஊசி குத்திக்கொண்டு, மாடியேறி எஞ்சினில் உதிரிபாகத்தை மாட்டிவிட்டு, பிரிட்ஜை நோக்கி நடக்கிறார். கலத்தை விட்டுப் போன மற்றவர்களைத் திரும்ப அழைக்கும் பொத்தானை எட்டுவதற்குள் விழுந்துவிடுகிறார். அந்த ஒவ்வொரு அடியும் நமக்கு வலிப்பது, தூரம் எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருப்பதால். எண்டர்பிரைஸில் இந்தக் காட்சியை எடுக்கவே முடியாது, லிஃப்ட் கதவு மூடித் திறந்தால் வேறு இடம் வந்துவிடும்.

செரினிட்டியில் நான் மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்று. ஊழியர்களின் படுக்கையறைகளுக்கு நடைபாதையிலிருந்து ஏணியில் இறங்க வேண்டும். காலில் அடிபட்டவர் தன் அறைக்கே போக முடியாது, உள்ளே மயங்கிக் கிடப்பவரை அந்தக் குறுகிய வாய் வழியாக மேலே தூக்குவதும் லேசில் ஆகாது. நடைபாதை மட்டத்திலேயே இரண்டு அறைகளையாவது வைத்திருக்கலாம்.