ஏஎம்டி காரில் கொல்லிமலை இறக்கம்: லீவரை ‘எம்’ பக்கம் தள்ளிய பிறகு

ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன், அதாவது தானே கியர் மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ்) கார் வாங்கி 3 வருஷம் ஆகிறது, 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் எப்படி ஓடுகிறது, மைலேஜ் எவ்வளவு என்பதையெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். மலையில் இறங்கும்போது இந்தக் கியர்பாக்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் யாரும் விவரமாக எழுதிப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. 2014-ல் மாருதி செலேரியோவில் மேக்னெட்டி மரெல்லி என்ற உதிரிபாகக் கம்பெனியின் ஏஎம்டி வந்தது முதல் சின்ன வண்டிகளில் இது பரவிவிட்டது, எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது, அவ்வளவுதான்.

முதல் தடவை கொல்லிமலை போனபோது இது எனக்குத் தெரியாது. வண்டி டெலிவரி எடுத்த அன்று, “டி-ல போட்டுட்டு மறந்துடுங்க சார், மத்ததெல்லாம் வண்டியே பாத்துக்கும்” என்றார்கள். டி என்றால் டிரைவ். ரிப்பன் கட்டி, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, போட்டோ எடுத்துக் கொடுக்க அரை மணி நேரம் செலவழித்தவர்கள், பக்கத்தில் இருந்த ‘எம்’ (மேனுவல்) என்ற எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அது ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கான சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை எல்லாம் பார்த்துவிட்டு, அம்மா வாங்கிய மிளகு, ஒரு பெரிய பலாப்பழம், அப்பா அம்மா மனைவி என்று நாலு பேரோடு மாலையில் இறங்க ஆரம்பித்தேன். லீவர் டி-யில் இருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி என்ன நினைக்கிறது என்றால், ‘இவருக்கு வேகம் போதும், மேல் கியர் போட்டுப் பெட்ரோலை மிச்சப்படுத்துவோம்’ என்று மூன்றுக்குப் போகிறது, கொஞ்சம் நேர்ச்சாலை கிடைத்தால் நாலுக்கும் போய்விடுகிறது. எஞ்சின் பிடிப்பே இல்லை. வளைவுக்கு வளைவு வண்டி உருண்டு ஓட, நான் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். முப்பதுகளில் எண் போட்ட வளைவுகளில் எங்கேயோ அம்மா, “என்னமோ கருகுற வாசனை வருதுடா” என்றார். அடுத்த வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது, பஞ்சை மிதிப்பது போல. வயிற்றைப் பிசைந்தது என்பார்களே, அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்சம் அகலமான இடம் பார்த்து ஒதுக்கினேன். ஏஎம்டி-யில் ‘பி’ (பார்க்கிங்) கிடையாது என்பதால் கியரில் வைத்து அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, அப்பா இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். முன் சக்கரத்துக்குக் கிட்டே போனாலே முகத்தில் அனல் அடித்தது. அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார், ஊற்ற வேண்டாம் என்று நல்லவேளையாகத் தடுத்தேன், சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடலாம். அந்த நேரம் மேலிருந்து வந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகச் சொன்ன ஒரே வாக்கியம்: “தம்பி, மலையில பிரேக்குல எறங்காதீங்க, கியர்ல எறங்குங்க.” ஆட்டோமேட்டிக் அண்ணே என்றேன். “அதுலயும் ஒண்ணு ரெண்டுன்னு இருக்கும், பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருந்தது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, வண்டிக்குள் கிடந்த புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து படித்து, லீவரை ‘எம்’ பக்கம் தள்ளி, மைனஸ் குறியை நோக்கி ஒரு தட்டு தட்டி 2-ல் வைத்து இறங்கினேன். மீட்டரில் எண் மாறிய ஒரு நொடிக்குப் பிறகு எஞ்சின் ‘ம்ம்ம்’ என்று ஒரு சுருதி உயர்ந்தது, யாரோ பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து இழுப்பது போல வண்டி நிதானித்தது. மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் முள், இரண்டில் 2,200-ஐத் தொடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் மீதியிருந்த முப்பது சொச்சம் வளைவுகளிலும் பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒருமுறை அழுத்தி விடுவதோடு வேலை முடிந்தது. எஞ்சின் கத்துகிறதே, பாழாகிவிடாதா என்று மனைவி கேட்டார். ஆகாது. 2,200 என்பது பைபாஸில் 80-ல் போகும்போது சாதாரணமாக ஓடும் அளவுதான், சத்தம் காதுக்குப் புதிது என்பதால் பயமாக இருக்கிறது. பெட்ரோலும் வீணாகாது. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. மூடிய த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் கதவு) எதிராகக் காற்றை உறிஞ்ச எஞ்சின் திணறுகிறது பாருங்கள், அந்தத் திணறல்தான் நமக்கு பிரேக்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாலு பேரும் மூட்டையுமாகச் சுமார் 1,150 கிலோ எடை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது கிடைக்கும் சக்தி, முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் டி-யில் இறங்கினால் பெரும்பாலும் அந்தச் சின்ன டிஸ்க்குகளும் டிரம்களும்தான் விழுங்க வேண்டும். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் இழுத்துப் பழசானால் அது 140, 155 என்று விழுந்துவிடும். ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் நாம் மிதிப்பது ஆயிலை அல்ல, குமிழியைத்தான், பெடல் பஞ்சாவது அதனால்தான். (உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் மாற்றி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மலைக்குப் போவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.)

சரி, இந்தக் கியர்பாக்ஸின் குறைகளுக்கு வருகிறேன், இருக்கின்றன. முதலாவது, கியர் மாறும் அந்த ஒரு நொடி. கிளட்ச் விலகியிருக்கும் அந்த நேரத்தில் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை, இறக்கத்தில் வேகம் ஏறும். அதனால் வளைவுக்குள் போய் மைனஸ் தட்டக் கூடாது. நேர்ச்சாலையிலேயே, பிரேக்கால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு கியரைக் குறைத்து, கிளட்ச் பிடித்ததை உணர்ந்த பிறகே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். மழைச்சாலையில் இது இன்னும் முக்கியம், வேகத்தில் திடீரென்று கீழ் கியர் விழுந்தால் முன் சக்கரம் வழுக்கலாம். இரண்டாவது, மேனுவல் மோடு என்று பெயர் இருந்தாலும் வேகம் ரொம்பக் குறைந்தால் அதுவே ஒன்றாம் கியருக்குப் போய்விடும், திரும்ப இரண்டுக்கு நாம்தான் ப்ளஸ் தட்ட வேண்டும். பழகும் வரை எரிச்சலாக இருக்கும். ரொம்பச் செங்குத்தான இடத்தில் ஒன்றே நல்லது என்பதும் உண்மை. மூன்றாவதைக் குறை என்று சொல்ல மாட்டேன்: 70-ல் போகும்போது ஒன்றாம் கியர் கேட்டால் மீட்டரில் பீப் அடித்து மறுத்துவிடும். எஞ்சினைக் காப்பாற்றத்தான் அது. ஆக, வேகத்தைக் கியர் முழுசாகக் குறைத்துக் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள். குறைத்த வேகத்தைக் கூடவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை, அதை அருமையாகச் செய்கிறது.

இன்னொன்று, கியரால் வேகம் குறைந்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் பைக் ஒட்டி வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

மச்சானிடம் சிவிடி கார் (கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) இருக்கிறது, ஏற்காடு இறக்கத்தில் 20 வளைவுகளும் அதை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டினால் குலுக்கலே இல்லாமல் இறங்குகிறது, நடுவில் அந்த வெற்று நொடியும் கிடையாது, அந்த விஷயத்தில் என் வண்டியைவிட மேல். ஆனால் பிடிப்பு ஏஎம்டி-யில் இன்னும் அழுத்தமாக, நேராகக் காலுக்குத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். பேடில் இல்லாத ஆட்டோமேட்டிக்குகளில் ‘எல்’, ‘2’, ‘எஸ்’ என்று ஏதாவது ஒன்று இருக்கும், பிரியஸ் மாதிரி ஹைப்ரிடில் ‘பி’ என்று ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து இருக்கும், எல்லாம் இதற்குத்தான்.

ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் மைனஸ் தட்டி நிறுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். சமதரையில் பிரேக்கே போதும், பிரேக் பேட் மாற்றுவது மலிவு, கிளட்ச் மாற்றுவது அப்படியில்லை. அப்புறம், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மலை இறங்குகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். மேலே சொன்ன மாதிரி, மிச்சமாவது கியரில் இறங்கும்போதுதான். எஞ்சினை அணைத்துவிட்டால் இன்னும் மோசம், நாலு மிதியில் பிரேக் மிதிக்க உதவும் வேக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

போன ஆடி 18-க்கு, வல்வில் ஓரி விழாவுக்குப் போனபோது 70 வளைவுகளையும் இரண்டிலும் ஒன்றிலுமாக இறங்கினேன். கீழே காரவள்ளியில் டீக்கு நிறுத்தியதும் அப்பா முதலில் போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கையைக் காட்டிப் பார்த்தார். வெதுவெதுப்புதான். “ம், பரவால்ல” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகும்போது சாவியைத் தான் வாங்கிக்கொண்டார்.