எண்ணெயை மாற்றி இரண்டரை வருடம்: ஒற்றைத் தலைவலியில் என் அனுபவம்

ஒற்றைத் தலைவலிக்காகச் சாப்பாட்டை மாற்றினேன் என்றால் எல்லாரும் கேட்பது, "கொழுப்பைக் குறைச்சிட்டீங்களா?" என்றுதான். குறைக்கவில்லை. எந்தக் கொழுப்பைச் சாப்பிடுகிறேன் என்பதைத்தான் மாற்றினேன்.

மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, மூன்று மாதத்தைத் தாண்டியும் அப்படியே, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு இருந்தால் அது நாள்பட்டது. எனக்கு 18, 19 நாள். இடது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிக்கும், குக்கர் விசில்கூடப் பொறுக்காது. வலி மாத்திரையைப் போட்டுப் போட்டு, மாத்திரையாலேயே வலி வருகிற நிலைக்கும் போய்விட்டேன். நரம்பியல் மருத்துவர் முதலில் அதை நிறுத்திவிட்டு, தடுப்புக்குப் புரோப்ரனோலால் என்ற மாத்திரை எழுதினார். வலி 14 நாளுக்கு இறங்கி அங்கேயே நின்றது. எண்ணெய் மாற்றம் அதற்கப்புறம்தான். அந்தத் தடுப்பு மாத்திரை இன்றும் தொடர்கிறது.

இதற்கு ஆதாரம் 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 182 பேரை மூன்று பிரிவாக்கி 16 வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு தினம் 1.5 கிராம். இன்னொரு பிரிவுக்கு அதே மீன் கொழுப்போடு, பல சமையல் எண்ணெய்களில் நிறைய இருக்கும் ஒமேகா 6 கொழுப்பான லினோலெயிக் அமிலத்தை மொத்தக் கலோரியில் 1.8 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். மூன்றாவது பிரிவுக்கு அமெரிக்கர்கள் வழக்கமாகச் சாப்பிடும் கொழுப்பு. அந்த மூன்றாவது பிரிவைவிட, மீன் மட்டும் கூட்டியவர்களுக்கு மாதம் 2 நாளும், இரண்டையும் செய்தவர்களுக்கு 4 நாளும் தலைவலி குறைந்தது.

லினோலெயிக் அமிலம் உடலுக்குள் அராகிடோனிக் அமிலமாகிறது. அதிலிருந்துதான் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. நாம் போடும் பல வலி மாத்திரைகள் தடுப்பதும் அந்த உற்பத்தியைத்தான். மீனில் வரும் ஒமேகா 3 வகையான டிஹெச்ஏ-விலிருந்தோ உடல் அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் செய்துகொள்கிறது. இரண்டு பக்கமும் அதே நொதிகளுக்குத்தான் போட்டி போடுகின்றன. இதைப் படித்த அன்று சமையலறைக்குப் போய் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். 100 கிராமில் பாலி அன்சாச்சுரேட்டட் கொழுப்பு மட்டும் 60 கிராமுக்கு மேல். அதில் ஏறக்குறைய எல்லாமே லினோலெயிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் அது 2 சதவீதம்தான். சமையலுக்கு அதற்கே மாறினேன்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது நல்லெண்ணெய்தான். அதிலும் லினோலெயிக் அமிலம் 40 சதவீதம் இருக்கிறது. இட்லிப் பொடிக்கு ஒரு டீஸ்பூன் என்று மட்டும் வைத்துக்கொண்டேன், அதை விட மனசு வரவில்லை.

மீனுக்குத் தூத்துக்குடியில் பஞ்சமில்லை. வாரம் நாலு நாள் சாளை (மத்தி). விலை குறைவு, ஒமேகா 3 நிறைய. ஆனால் பொரிக்கக்கூடாது, வழக்கமான எண்ணெயில் பொரித்தால் விலக்கியது திரும்ப உள்ளே வந்துவிடும். "சாளையைப் பொரிக்காம எப்படிம்மா?" என்று அத்தை முதல் மாதம் முழுக்கக் கேட்டார். தேங்காய் அரைத்து, மண்சட்டியில் புளி கொஞ்சம் தூக்கலாக வைத்த குழம்பில் மறுநாள் காலை மேலே ஆடைபோல ஒரு மஞ்சள் எண்ணெய் நிற்கும். மீனிலிருந்து இறங்கிய கொழுப்பும் அதில்தான் இருக்கிறது என்று வழித்துச் சோற்றில் போட்டுக்கொள்வேன். இப்போது அத்தையே அப்படித்தான் சாப்பிடுகிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது மீன் எண்ணெய் மாத்திரைக்கு மாறுவேன். வாங்கும்போது கவனம்: முன்னால் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்று போட்டிருக்கும், பின்னால் பார்த்தால் ஒமேகா 3 வகைகளான ஈபிஏ, டிஹெச்ஏ பெரும்பாலும் 180, 120 மில்லிகிராம், அவ்வளவுதான். ஆய்வில் கொடுத்த அளவுக்கு இதில் ஐந்து வேண்டும். சைவக்காரர்களுக்கு ஆளிவிதை போதாது, அதிலிருந்து உடல் டிஹெச்ஏ செய்வது மிகக் குறைவு. கடற்பாசி எண்ணெய் மாத்திரை இருக்கிறது.

பலன்? பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே வலி வந்த நாளில் சிவப்புப் புள்ளி வைக்கிறேன். முதல் மூன்று மாதம் எந்த மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்று அழுதிருக்கிறேன். ஐந்தாம் மாதம் 11 புள்ளி. கடந்த ஒரு வருடமாக 8, 9. வருகிற வலியும் முன்போல இரண்டு நாள் நீடிப்பதில்லை. கல்யாண வீடு, தீபாவளி வாரம் என்று வெளி எண்ணெய் சேர்ந்தால் புள்ளி கூடுகிறது. தூக்கமும் அப்போது கெடுவதால் எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் கொலஸ்ட்ராலையும் கண்டிப்பாகப் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம். எனக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஒரு வருடத்தில் 118-லிருந்து 141 ஆனது. மருத்துவர் சொன்னபடி பாதிக்கு ஆலிவ் எண்ணெய் சேர்த்தேன். அதில் லினோலெயிக் அமிலம் சுமார் 10 சதவீதம். செலவு கூடியது, தாளிக்கும் வாசம் பழக நாளானது. எல்டிஎல் 126-க்கு வந்தது, சிவப்புப் புள்ளி கூடவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை வரை இதே அளவில்தான் போகப் போகிறேன்.