கோட்டையா, ராஜகலையா?

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போக மட்டக்களப்புக் கோட்டையா, அம்பாறைப் பக்கத்து ராஜகல மலையா என்று கேட்கிறவர்களுக்காக இது.

காலம்
கோட்டை: போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர், பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டனர்.
ராஜகல: கிறிஸ்துவுக்கு முன்பே தொடங்கிய பௌத்த மடாலயம், அநுராதபுரம் தலைநகராயிருந்த காலம் முழுக்க வளர்ந்தது.

போக்குவரத்து
கோட்டை: புளியந்தீவிலேயே இருக்கிறது, பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். செலவு மிகக் குறைவு.
ராஜகல: அம்பாறையைத் தாண்டி உகனைப் பக்கம் போக வேண்டும், வான் பிடிக்கிறதுதான் வசதி. அப்புறம் மலையேற்றம். காலையிலேயே ஏறுங்கள், தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள்.

பார்க்க என்ன?
கோட்டை: இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. கொத்தளத்தில் ஏறி நின்றால், ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.
ராஜகல: பிக்குகள் தங்கிய குகையின் நெற்றியில் ஒரு வரம்பு வெட்டியிருப்பார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் அதன் விளிம்பிலேயே சொட்டிவிடும். அதற்குக் கீழே பிராமி என்ற பழங்கால எழுத்து. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரினதும் அவரோடு வந்த இட்டிய தேரரினதும் பெயர் சொல்லும் கல்வெட்டும் இந்த மலையில்தான் உண்டு. எனக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிழக்கில் இல்லை.

சின்னப் பிள்ளைகள், அரை நாள்தான் நேரம் என்றால் கோட்டை. உயர்தரத்தில் வரலாறு படிக்கிறவர்கள் என்றால் யோசிக்காமல் ராஜகல. எங்கே போனாலும் கல்லில் பெயர் கிறுக்க விடாதீர்கள்.