வாடும் நிழல் மரத்துக்கு எது கைகொடுக்கும்: மூடாக்கா, குழியா, கரைசலா?

வீட்டு வளாகத்தில் நிற்கும் பெரிய மரம் உச்சியில் காயத் தொடங்கினாலோ, இலை சிறுத்து பருவத்துக்கு முன்பே உதிர்ந்தாலோ, உடனே நமக்குத் தோன்றுவது 'உரம் போதவில்லை' என்பதுதான். பெரும்பாலும் விஷயம் அது இல்லை. ஆளும் வண்டியும் மிதித்து மிதித்து மண் இறுகிப்போய், காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் சல்லி வேர்கள் செத்துக்கொண்டிருக்கும். அதனால் இயற்கை வழியில் மரத்தைத் தேற்றச் சொல்லப்படும் முறைகளை, எவ்வளவு சத்து தருகிறது என்று பார்க்காமல், வேர் மூச்சுவிட வழி செய்கிறதா என்றே இங்கே பார்க்கிறேன்.

எந்த வழிக்குப் போவதாக இருந்தாலும் முதலில் தூரைப் பாருங்கள். தண்டு அடியில் விரிந்து, வேராகப் பிரியும் இடம் வெளியே தெரிய வேண்டும். நட்டு வைத்த கம்பம் போல மரம் நேராக மண்ணுக்குள் இறங்கினால், யாரோ எப்போதோ மண்ணை மேலேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மண்ணைக் கையாலோ சின்னக் கொத்தாலோ மெல்ல எடுத்துவிடுங்கள். தண்டைச் சுற்றி நெரிக்கும் வேர் ஏதாவது கண்ணில் படலாம். இதைச் செய்யாமல் மேலே எதைப் போட்டாலும் பலன் பாதிதான்.

சரி, மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் இலை, சீவல் போன்றவற்றைப் போர்வையாகப் பரப்புவது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் 30 முதல் 45 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே இருக்கும், கிளை விரிப்பையும் தாண்டி ஓடும். அதாவது வேலை நடக்கும் இடம் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மட்கு உரத்தை மெல்லிசாகத் தூவி, அதன் மேல் மரச்சீவலையோ காய்ந்த இலையையோ 5 முதல் 10 செ.மீ. வரை பரப்பினால், வெயில் நேராக மண்ணைச் சுடாது, ஈரம் நிற்கும், மண்புழு மேலே வரும். புழு துளைத்த வழியில் காற்று இறங்கும். மண்ணை இளக்கும் வேலையை நாம் தொடாமலே செய்ய வைப்பதுதான் இதன் சூட்சுமம். கூடவே மரத்தடிப் புல்லும் அடங்கும். தண்ணீருக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) மரத்தோடு நேரடியாக மல்லுக்கு நிற்பது அந்தப் புல்தான்.

மரச்சீவல் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பயம் உண்டு. மண்ணோடு கலந்து கொத்திவிட்டால் அது உண்மை. மேலே பரப்பி வைத்தால், சீவலும் மண்ணும் தொடும் அந்த மெல்லிய படலத்தோடு சரி. கீழே இருக்கும் மர வேருக்குப் பாதிப்பில்லை. உண்மையான தப்பு வேறு: தண்டைச் சுற்றிக் குவியலாகக் கட்டுவது. பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகும். தூரில் இருந்து ஒரு சாண் தள்ளியே தொடங்குங்கள். பச்சைச் சாணத்தையும் போட வேண்டாம், அதன் உப்பும் அம்மோனியாவும் சல்லி வேரைச் சுட்டுவிடும்.

அடுத்தது குழி போடுவது. கடப்பாரையாலோ துளைக்கருவியாலோ மரத்தைச் சுற்றி ஓட்டை போட்டு மட்கு உரம் நிரப்பும் முறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள்: 60 செ.மீ.க்கு ஒன்றாக 5 செ.மீ. அகலத்தில் துளைத்தால், மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. மீதி மண் இறுகியபடியே கிடக்கும். களிமண் ஈரமாக இருக்கும்போது துளைத்தால் குழியின் சுவர் வழுவழுவென்று பூசப்பட்டு, வேர் நுழையவே திணறும்.

அதைவிடத் தண்டில் இருந்து சக்கரத்தின் ஆரம் போல வெளிநோக்கி ஓடும் குறுகிய பள்ளங்கள் மேல். வேர்களும் அதே திசையில் ஓடுவதால் வெட்டுப்படுவது குறைவு. இளகும் மண்ணும் அதிகம். ஆனால் தூரை ஒட்டித் தோண்டக் கூடாது, தடித்த வேர் தட்டுப்பட்டால் கருவியை வைத்துவிட வேண்டும். ஏற்கெனவே நலிந்த மரத்தில் வேரை அறுப்பது சின்ன விஷயமில்லை. ஈரமாக இருக்கும் மண்ணிலும் திருப்புளி இறங்க மறுக்கிறது என்றால் மட்டுமே இந்த வழிக்குப் போவேன், அதுவும் மேலே மூடாக்கோடு.

கரைசல்களுக்கு ரசிகர்கள் அதிகம். மட்கு உரத்தை ஊறவைத்து வடித்து ஊற்றினால் நுண்ணுயிர் பெருகும் என்பது வாதம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட் இதைப் பல காலமாகக் கேள்வி கேட்டு வருபவர். நோயைத் தடுக்கும் என்ற வாக்குறுதிக்கு நிலையான ஆதாரம் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. காற்றில்லாத மண்ணில் புதிதாக ஊற்றிய உயிர்கள் எதை நம்பிப் பிழைக்கும்? ஊற்றிய பிறகு மரம் கொஞ்சம் தெளிந்தால், அதில் வாளித் தண்ணீருக்கும் பங்கு உண்டு. தழைச்சத்து மிகுந்த கரைசலோ இன்னொரு வம்பு: நலிந்த மரம் இளந்துளிராகத் தள்ளும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கும், மரத்தின் உணவுச் சேமிப்பும் கரையும். வேரோடு கூட்டாக வாழ்ந்து அதற்கு உதவும் வேர்ப்பூஞ்சையைப் பொட்டலமாக விற்பதும் ஏறக்குறைய இதே ரகம். பெரும்பாலான மண்ணில் அந்தப் பூஞ்சைகள் ஏற்கெனவே உண்டு, மூடாக்குக்கு அடியில் தானாகப் பெருகும்.

என் ஓட்டு மூடாக்குக்கு. ஒரே ஒரு இடத்தில் அதுவும் தோற்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், பெரும்பாலும் காரமண்ணில் வேருக்கு இரும்பு எட்டாத நிலை அது. அப்போது மண் பரிசோதனைதான் முதல் வேலை.

பலன் தெரிய இரண்டு மூன்று வளர்பருவம் ஆகும். ஆண்டுக்கொரு முறை துளிர்க்கும் மரமானால் ஒரு கொப்பை எடுத்துப் பாருங்கள்: துளிர் தொடங்கிய இடங்களில் மெல்லிய வளையத் தழும்புகள் இருக்கும். நுனியில் இருந்து முதல் தழும்பு வரை இந்த ஆண்டு வளர்ச்சி, அடுத்தது வரை போன ஆண்டு வளர்ச்சி. இடைவெளி கூடிக்கொண்டே வந்தால் மரம் தேறுகிறது. தூரில் தடித்த காளான் முளைத்திருந்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம்; வீட்டின் மேல் விழுமா என்பதை மரங்களைப் பரிசோதிக்கத் தெரிந்தவர் வந்து சொல்லட்டும்.