720 யூரோ போனது, என் 12 குதிரைவீரர்களும் போனார்கள்

பொட்டலத்தைக் கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது. பிரிக்கவே வேண்டியதில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த 12 குதிரைவீரர் பொம்மைகளை, வண்ணம் பூசித் தரச் சொல்லி ஒரு பணிக்கூடத்துக்கு அனுப்பியவன் நான். தபால் ரசீதில் 2 கிலோ 900 கிராம் என்று இருக்கிறது. முந்தாநாள் திரும்பி வந்த பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 150 கிராம். வண்ணம் பூசினால் எடை கூடுமா, குறையுமா?

ஆத்திரம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். தணிந்தால் எனக்கே வெட்கமாகி விட்டுவிடுவேன்.

பாரிசின் ஆன்வலித் ராணுவ அருங்காட்சியகத்தில், வாட்டர்லூவில் பீரங்கிக் குண்டு துளைத்துப் போன ஒரு மார்புக்கவசம் இருக்கிறது. ஃபோவோ என்ற கராபினியே, அதாவது கவசம் அணிந்த குதிரைப்படை வீரனுடையது. அதன் முன்னால் நின்ற நாளில் பிடித்த பைத்தியம் இது. அதற்குப் பிறகு நெப்போலியனின் குதிரைப்படையைத் தவிர வேறு எதற்கும் நான் தூரிகை எடுத்ததில்லை. இந்த 12 பேரும் குயிராசியர்கள், அதாவது மார்புக்கவசம் அணிந்த குதிரைவீரர்கள், பத்தாவது ரெஜிமெண்ட், 54 மில்லிமீட்டர் அளவு. அவர்களைச் சேர்க்க மூன்று வருடம் ஆயிற்று. 1807 பிப்ரவரி 8, ஐலாவ் போர்க்களத்துப் பனியில், நெப்போலியனின் குதிரைப்படைத் தலைவர் முரா பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளோடு பாய்ந்தாரே, அந்தப் பாய்ச்சலில் ஓத்பூல் தளபதியின் டிவிஷனோடு இவர்களும் போனவர்கள். வெள்ளைப் பனியில் நீலச் சட்டையும் எஃகுக் கவசமும் என்று மனத்துக்குள் எப்போதோ செய்து முடித்துவிட்டேன்.

கண்தான் ஒத்துழைக்கவில்லை. புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். சரி, ஒரே ஒரு தடவை வெளியே கொடுப்போம் என்று நினைத்தேன். அந்த நினைப்பின் விலை 720 யூரோ.

பொம்மைக்காரர்கள் வாங்கவும் விற்கவும் கூடும் ஓர் இணையச் சந்தையில் அந்த வண்ணப் பணிக்கூடத்தின் விளம்பரம் இருந்தது. படங்கள் அருமை. ஆனால் படங்களைப் பார்த்து நான் ஏமாறவில்லை. தொலைபேசியில் பேசிய ஆள்தான் என்னைச் சாய்த்தார். “பத்தாவது ரெஜிமெண்ட் என்றால் அடையாள நிறம் இளஞ்சிவப்பு அல்லவா? நாலு, ஐந்து, ஆறுக்குத்தான் அந்த விடியல் ஆரஞ்சு” என்று அவராகவே சொன்னார். பிறகு, “எக்காளக்காரருக்குக் கவசம் வேண்டாம், குதிரையைச் சாம்பலாக வைத்துவிடவா?” என்று கேட்டார். இதைக் கேட்கத் தெரிந்த மனிதர் திருடுவார் என்று யாராவது நினைப்பார்களா? உருகிப்போனேன். ஒரு வீரருக்கு 60 யூரோ, ஆக 720. சந்தையின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேராக வங்கிக்கு அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். முழுத் தொகையையும், முன்பணமாக. என்னைத் திட்ட நினைப்பவர்கள் வரிசையில் வரலாம், என் மனைவி முதலில் நிற்கிறாள்.

பெட்டிக்குள் இருந்தவை ரெசின் நகல்கள், பிளாஸ்டிக் போன்ற இலேசான பிசினில் வார்த்தவை. என் வீரர்களை அச்சாக வைத்து வார்த்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். வாள்களில் இரண்டு நெளிந்திருக்கின்றன, குதிரைகளின் வயிற்றில் காற்றுக் குமிழிகள், அடித்தட்டின் முத்திரை அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருக்கிறது. சரி, வண்ணமாவது? இளஞ்சிவப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. எக்காளக்காரருக்கு அழகாகக் கவசம் மாட்டியிருக்கிறார்கள்! சாதாரண வீரன் ஒருவனின் கையில் எக்காளத்தை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கவசத்துக்குக் கறுப்பு அடிப்பூச்சு கொடுத்து மேலே வெள்ளியை மெல்ல ஏற்ற வேண்டும். இவர்கள் வாயிற்கதவுக்கு அடிப்பது போல ஒரே அடி அடித்திருக்கிறார்கள். குதிரைகள்தான் வயிற்றெரிச்சல். காவிமஞ்சள் பூசிக் காயவிட்டு, அதன் மேல் கருங்காவி எண்ணெய் வண்ணத்தைத் தடவி, பஞ்சால் துடைத்தெடுத்தால் தசை தானாக மேலே எழும். கருஞ்செந்நிறக் குதிரைக்குப் பிடரியும் வாலும் முழங்காலுக்குக் கீழும் கறுப்பு. எனக்கு வந்தவை தலை முதல் குளம்பு வரை ஒரே பழுப்பு. சாக்லேட் குதிரைகள்.

அன்று மாலையே எழுதினேன். முதல் பதில்: “தபாலில் சேதமாகியிருக்கலாம்.” ஈயம் தபாலில் ரெசினாக மாறுமா என்று கேட்டேன். இரண்டாவது பதில்: “நீங்கள் அனுப்பியதே ரெசின்தான்.” ரசீதின் எடையைக் காட்டினேன். மூன்றாவது பதில் வேறு பெயரில் வந்தது: புகார் இருந்தால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் படம் எடுத்திருக்க வேண்டுமாம். பிரிக்காத பெட்டிக்குள் எதைப் படம் எடுப்பது? தொலைபேசியில் நிறம் சொன்ன அந்த ஞானி இப்போது எடுப்பதே இல்லை. இணையச் சந்தைக்காரர்கள் மிக மரியாதையாக, பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்று கைவிரித்தார்கள். வங்கியில், நீங்களே அனுமதித்து அனுப்பிய 720 யூரோ என்றார்கள். தெரியும் ஐயா, 720தான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது பொறுமை இல்லை. அனுப்பும் முன் ஒவ்வோர் உருவத்தின் அடியிலும் ஊசியால் குறி கீறிப் படம் எடுங்கள், நான் எடுக்கவில்லை. தனித்தனியாக நிறுத்து எடையை எழுதி வையுங்கள். முதலில் ஒன்றே ஒன்றை அனுப்பிப் பாருங்கள். சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், கமிஷன் போனால் போகட்டும்.

காவல் நிலையத்துக்கு நாளைக் காலை போகிறேன். தராசையும் எடுத்துப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.